சாமி மாடத்தில் ஒரு பொட்டலம்

"எங்க வூட்டுக்கு மொத தடவை வந்திருக்கீங்க மிஸ். விபூதி எடுத்துக்காம போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மஞ்சுளா சாமி மாடத்திலிருந்து அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

தினசரி காலண்டர் தாளில் மடித்த பொட்டலம். எங்கள் ஊரில் கோயிலுக்குப் போய்வருகிற எவர் சட்டைப் பையிலும் இருக்கிற அதே மடிப்பு. மேல் பக்கத்தில் 'நல்ல நேரம்' என்று அச்சடித்திருந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வலது கையை நீட்டினேன்.

மஞ்சுளா பிரித்தாள். உள்ளே விபூதி இல்லை. காய்ந்து நொறுங்கிய பச்சை இலையும், காம்பும், நாலைந்து விதையும் இருந்தன.

"அட, வில்வம் மாதிரி இருக்குது மிஸ். காஞ்ச வில்வம். யாரோ சாமியார் குடுத்திருப்பாரு" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டுக்கொள்ளப் போனாள்.

அவள் மணிக்கட்டை எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. விற்க வைத்திருந்த இட்லி மாவு அண்டாவுக்கு ஒரு சாண் தள்ளி அந்தச் சிட்டிகை தரையில் சிந்தியது. வேங்கிக்கால் புது நகரில் மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட குடும்பங்கள் எனக்குக் கடமைப்பட்டவை. யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் நன்றி சொல்லவில்லை.

என் பதவிகள்

தொடரை இந்த வாரம்தான் எடுத்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மிஸ். பிரேயரில் வரிசை நிறுத்துவது, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு கட்டுவது, பெரிய மனிதர்கள் வந்தால் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைப்பது, அதில் மயங்கி விழுகிற பிள்ளைக்குத் தண்ணீர் தெளிப்பது, இதெல்லாம் என் வேலை. விளையாட்டு மட்டும் என் வேலை இல்லை. அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். போர்ஷன் முடியலை மிஸ் என்பார். நான் பணிக்கு வந்த நாளிலிருந்து அவருக்குப் போர்ஷன் முடியவே இல்லை.

போதை ஒழிப்பு மன்றத்தின் பொறுப்பாசிரியையும் நான்தான். யார் பொறுப்பு எடுத்துக்கிறீங்க என்று எச்.எம். ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது எல்லாரும் திடீரென்று நோட்டுத் திருத்தக் குனிந்துவிட்டார்கள். திருத்த நோட்டு இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்தி. பதவி என் மடியில் வந்து விழுந்தது.

எங்கள் ஊர்ச் சாக்கு

மற்ற ஊர்ப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வீட்டைவிட்டு வெளியே போக அவர்கள் எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது! குரூப் ஸ்டடி, பிரெண்டுக்குப் பிறந்தநாள், டியூஷனில் எக்ஸ்ட்ரா கிளாஸ் என்று விதவிதமாகச் சொல்ல வேண்டும். எந்த அம்மாவிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் அந்தக் கஷ்டம் இல்லை. "கிரிவலம் போறேம்மா." அவ்வளவுதான். எந்த அம்மா தடுப்பாள்? தடுத்தால் அண்ணாமலையாருக்கே தடை போட்ட மாதிரி ஆகிவிடும்.

மலையைச் சுற்ற நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரமும் பிள்ளை எங்கே இருந்தான் என்று கேள்வி கிடையாது. போனை எடுக்கவில்லையா? சாமி நினைப்பாக நடக்கிறான். கண் சிவந்திருக்கிறதா? கற்பூரப் புகை. சட்டையில் என்னவோ வாசனையா? சாம்பிராணி. வந்ததும் வராததுமாகப் பானைச் சோறு காலியாகிறதா? நடந்த பசி. சோறு தின்றதும் தூங்குகிறானா? நடந்த அலுப்பு. மூளையைக் கசக்கி யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான சாக்கை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மஞ்சுளாவின் மகன் லோகேஷ் அப்போது பிளஸ் ஒன். எங்கள் வாலிபால் டீமில் செட்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கிறவன். நல்ல உயரம். பந்து அவன் விரல் நுனியில் ஒரு நொடி உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். ஆடி மாசம் வாக்கில் அந்த விரல்கள் பந்தை நழுவவிட ஆரம்பித்தன. முதல் பீரியடில் பெஞ்சிலேயே தூக்கம். ஏன்டா என்று கேட்டால் சிரிப்பு. சிரிக்கிற மாதிரி யாரும் எதுவும் சொல்லாதபோதும் சிரிப்பு.

சரி, வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று, மாவு வாங்குகிற மாதிரி ஒரு சாயங்காலம் போனேன். முன்ரூமிலேயே கிரைண்டரைப் போட்டு மாவு விற்கிற வீடு. மஞ்சுளா உட்காருகிற ஸ்டூலுக்குப் பின்னால்தான் சாமி மாடம்.

பையனைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். அவன் முன்ன மாதிரி இல்லையாம். சாமி பக்தி ஜாஸ்தியாகிவிட்டதாம். தினமும் கிரிவலமாம். யூனிஃபாரத்தை ஊறவைக்கும்போது சட்டைப் பையில் இந்தப் பொட்டலம் இருந்ததாம். பிரிக்கவே மனசு வராமல் மாடத்தில் வைத்தாளாம். அன்றிலிருந்து பிள்ளை ஸ்கூல்விட்டு வந்ததும் மாடத்துக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறானாம். நின்றால் நகர்வதே இல்லையாம். "கிரிவலத்துக்கு நேரமாவுற வரைக்கும் கும்பிட்டுனே நிப்பான் மிஸ்" என்றாள்.

பாவம் பிள்ளை. அவள் எழுந்து போனால்தானே அவன் பொட்டலத்தை எடுக்க முடியும்? அவளோ பொழுதன்னைக்கும் மாவு அண்டாவை விட்டு நகராதவள்.

பேனர் பிடித்த கை

மாடத்துக்குப் பக்கத்தில், சாமி படங்களுக்குச் சரிசமமாக, ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அதில் நானும் இருந்தேன், ஓரத்தில், பாதி காதும் விசிலும் மட்டும். அது எங்கள் பள்ளியின் போதை ஒழிப்புப் பேரணி.

பேரணி என்றால் சும்மா இல்லை. மூன்று வாரம் ஒத்திகை. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் அந்த மூன்று வாரம் மட்டும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். பிள்ளைகள் பந்தைத் தொட்டால் படிப்பு கெட்டுவிடும்; வெயிலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கெடாது. அன்று காலை உறுதிமொழி எடுத்தோம். நான் போதைப்பொருளைத் தொட மாட்டேன், தொடுகிறவனைத் திருத்துவேன், என் நாட்டை மீட்பேன் என்கிற தினுசில் ஒரு பக்கம் வரும். பிள்ளைகள் நான் விட்ட மூச்சுக்கு இடம் விட்டு, கமா முதற்கொண்டு திருப்பிச் சொன்னார்கள்.

அந்த உறுதிமொழியை டைப் அடித்தவர் ஏழுமலை. மஞ்சுளாவின் வீட்டுக்காரர். வேங்கிக்காலில் ஒரு கவர்மெண்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். எழுத்துப்பிழை இல்லாமல் அடிப்பார் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஊர்வலம் பெரிய தெருவைத் தாண்டியதும் விருந்தினர்களாக வந்த பெரிய மனிதர்கள் சிலர் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். திரும்பி வரும்போது அவர்கள் வாயில் பாக்கு மணம். சிகரெட் வாடை தெரியக் கூடாது என்கிற அளவுக்கு அவர்களுக்கும் விழிப்புணர்வு இருந்தது.

முன் பேனரைப் பிடிக்க உயரமான பையன் வேண்டும் என்றார் எச்.எம். லோகேஷைத் தேர்ந்தெடுத்தேன். போட்டோவில் அவன் பேனரின் வலது கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எச்.எம். சிரிக்கிறார். பேப்பரில் வந்தது. மஞ்சுளா அதை வெட்டி, லேமினேட் செய்து, மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

அந்தப் படத்துக்கு அடியில்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

வில்வம் இல்லை

"மஞ்சுளா, இது வில்வம் இல்லம்மா. கஞ்சா" என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கத்துவாள், என் வீட்டுக்கே வந்து என் பிள்ளையையா சொல்றீங்க என்று சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். பெற்றவர்கள் வழக்கமாகச் செய்வது அதுதான். அவள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா விளக்கேத்தி இதுக்குமா மிஸ் தீபாராதனை காட்டினேன்?"

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கிரைண்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். யாரோ தூக்குச் சட்டியோடு மாவு கேட்டு வந்தார்கள். அப்புறம் வாங்க என்று அனுப்பிவைத்தேன்.

"அப்ப அவன் நின்னு கும்பிட்டதெல்லாம்?" என்று கேட்டாள்.

நான் போய் பொட்டலத்தைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை கெட்டுப்போனதுகூட அப்புறம்தான். ஒருத்தி பிள்ளை நல்லவனாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்ட சந்தோஷத்தை நான் என் கையாலேயே பிடுங்கிவிட்டேன் என்றிருந்தது.

யார் கெடுத்தது?

ஏழுமலை ஆபீஸ்விட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதல் வேலையாக இடுப்பு பெல்ட்டைக் கழற்றினார். லோகேஷ் அப்போதுதான் 'கிரிவலம்' முடிந்து உள்ளே வந்தான். என்னைப் பார்த்தான், காலி மாடத்தைப் பார்த்தான், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். ரெஃப்ரீ வேலை எனக்குப் பழக்கம்.

அடிக்க முடியாமல் போனதால் ஏழுமலை பேச ஆரம்பித்தார். செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் கெடுத்தார்கள். காவி கட்டிக்கொண்டு சுற்றுகிற போலிச் சாமியார்கள் கெடுத்தார்கள். செல்போன் கெடுத்தது. சினிமா கெடுத்தது. கவர்மெண்ட் கெடுத்தது என்று சொல்ல வந்து, தான் கவர்மெண்ட் ஆள் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். கடைசியில் ஒரு தீர்வும் சொன்னார். கீழ்பென்னாத்தூரில் மச்சான் நிலத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"அங்க போயி?" என்று மஞ்சுளா கேட்டாள்.

"மல்லாட்டை புடுங்கட்டும். புத்தி வரும்."

வேர்க்கடலைச் செடிக்கு அப்படி ஒரு மருத்துவ குணம் இருப்பது எனக்குத் தெரியாது. மஞ்சுளா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சனிக்கிழமை ஆனா நீங்க பாட்டிலோட வந்து இங்கதான குந்துறீங்க. மல்லாட்டை வறுத்துத் தட்டுல வெக்கிறவ நான். டம்ளர் கழுவினு வரவன் அவன். இன்னைக்கு அவன மட்டும் அடிச்சா ஆச்சா?"

"அது வேற, இது வேற" என்றார் ஏழுமலை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அது உடம்பு வலிக்கு" என்றார்.

லோகேஷைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். எங்கேடா வாங்கின? வெள்ளைக்காரனும் இல்லை, சாமியாரும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பின் சுவருக்கு அந்தப் பக்கம். கொடுத்தவன் பெயர் பிரசாந்த்.

எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர். போன வருஷம் வரை எங்கள் பள்ளியில் படித்தவன். பையில் இதே மாதிரி ஒரு பொட்டலம் இருந்தது என்று டி.சி. கொடுத்து அனுப்பப்பட்டவன். ஸ்கூலைச் சுத்தம் பண்ணிட்டோம் என்று எச்.எம். அன்று எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சுத்தம் செய்த குப்பையை நாங்கள் வெளியே தள்ளினோம். அது சுவருக்குப் பின்னால் போய்க் கடை போட்டுவிட்டது.

டி.சி. என்கிற சர்வரோக நிவாரணி

மறுநாள் காலை ஏழுமலை ஒரு காரியம் செய்தார். எல்லா அப்பாக்களும் செய்கிற காரியம்தான். பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக எச்.எம். ரூமுக்குப் போய், "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிங்க சார்" என்று நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். வாத்தியார் மிரட்டினால் பையன் திருந்துவான் என்று எண்ணம்.

எச்.எம். மிரட்டவில்லை. ரொம்ப மரியாதையாக, டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க என்றார். நூறு சதவீத ரிசல்ட் காட்டுகிற பள்ளிக்கூடமாம் இது. ஒரு அழுகல் இருந்தால் கூடை மொத்தமும் போய்விடுமாம்.

ஏழுமலையின் கை காலரிலிருந்து தானாகக் கீழே இறங்கியது. பிளஸ் ஒன் நடுவில் டி.சி. வாங்கினால் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அதற்கு அடுத்ததும் தெரியும். பின் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆள் சேருவான். அவ்வளவுதான் லோகேஷின் எதிர்காலம்.

வாசலில் கேட்டுக்கொண்டு நின்றவள், கூப்பிடாமலே உள்ளே போனேன்.

"டி.சி. குடுத்தா பிரச்சினை முடிஞ்சுது மிஸ்" என்றார்.

"போன வருஷம் முடிச்ச பிரச்சினைதான் சார் இப்ப பின் சுவத்துல நின்னு வித்துனு இருக்குது."

"அவன் நம்ம பையன் இல்ல."

"நம்ம பையனாதான் சார் இருந்தான்."

மனசாட்சி, பிள்ளையின் வாழ்க்கை, ஆசிரியர் கடமை எல்லாம் எடுத்துச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே டி.சி. எழுத ஆளைக் கூப்பிட பெல்லை அழுத்தப் போனார். அப்போது அவர் தலைக்கு மேல் இருந்த போட்டோ என் கண்ணில் பட்டது. அதே பேரணிப் படம். அவர் ரூமிலும் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது, மஞ்சுளா வீட்டில் இருப்பதைவிடப் பெரிசாக.

"இந்தப் படத்துல நீங்க தோள்ல கை போட்டுனு நிக்கிறது இவன் மேலதான் சார். டி.சி. குடுத்தா ஏன்னு ஊர் கேக்கும். பேனர் புடிச்ச பையனே கஞ்சா அடிச்சான்னு எழுதுவாங்க. பேப்பர்காரங்ககிட்ட போட்டோ ரெடியா இருக்குது."

எச்.எம். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். படத்தில் அவர் ரொம்ப நன்றாக விழுந்திருந்தார். பெல்லிலிருந்து கையை எடுத்தார். மனசாட்சிக்கு இளகாத மனிதர் ஒரு போட்டோவுக்கு இளகினார். நான் எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இளகினார், அது போதும். உங்க பொறுப்பு மிஸ், இன்னொரு வாட்டி நடந்தா என்னைக் கேக்கக் கூடாது என்றார். அந்தச் சூட்டிலேயே சாயங்காலம் ஆறு மணி வரை கிரவுண்டைத் திறந்துவைக்கவும் அனுமதி வாங்கிவிட்டேன். புது நெட் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

பிரசாந்தையும் உள்ளே ஆடவிடலாமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் மசியவில்லை. அவனுக்குத் தோதாக எங்களிடம் ஒரு போட்டோ இல்லாமல் போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

வா, போலாம்

மஞ்சுளா டி.சி. விஷயத்தைக் கேட்டாள். அன்று சாயங்காலம் மாவுக் கரண்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கிரிவலம்னுதான சொன்ன? வா, போலாம்" என்றாள் மகனிடம்.

இதை அவள் எனக்குச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாசக்கணக்காகத் தினமும் கிரிவலம் போன பக்திமானுக்கு, வழியில் வரும் எட்டு லிங்கங்களில் நிருதி லிங்கத்துக்கு அடுத்தது எந்த லிங்கம் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு பாதி தூரம் போவதற்குள் பாதத்தில் கொப்புளம். தினமும் போற காலாடா இது என்று கேட்டாளாம். அதோடு சரி, வேறு எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் பக்கத்தில் நடக்கும்போது எதையாவது பேசித்தானே ஆக வேண்டும்? வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் அவனே பேச ஆரம்பித்தானாம். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கிரவுண்ட் இருக்கிற நாளில் பந்து, இல்லாத நாளில் மலை. சனிக்கிழமை கண்டிப்பாக மலை. சாயங்காலம்தான் மாவு வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழுமலை லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, தெருப் பெண்களுக்கெல்லாம் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு உடம்பு வலிக்கவில்லை. வலிக்கவும் நேரமில்லை. நானும் ஒரு சனிக்கிழமை போய் வாங்கினேன். அளவு கொஞ்சம் ஜாஸ்தியாகவே ஊற்றினார். எழுத்துப்பிழை மாதிரியே அளவிலும் கம்மி வந்துவிடக் கூடாது என்று பயம்போல.

நடந்தே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடித்தால் படிக்க இதமாக இருக்கும். அப்படி இல்லை. கஞ்சாவை விட்டதும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை, எரிந்து விழுந்தான், தட்டை விசிறினான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். எம்புள்ள என்ன பைத்தியமா என்று ஏழுமலை கேட்டார். இருந்தாலும் வந்தார். டாக்டரம்மா பையனிடம் பேசிவிட்டு, வீட்ல வேற யாராவது குடிப்பாங்களா என்று சாதாரணமாகக் கேட்டார். ஏழுமலை சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்காரு மேடம், கம்மி பண்ணினு இருக்காரு" என்றாள் மஞ்சுளா.

நடுவில் தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு நாள் லோகேஷ் மறுபடியும் தவறினான். மறுநாள் அவனே வந்து என்னிடம் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு விசிலாலேயே அடித்திருப்பேன். எச்.எம்.மிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், விதிப்படி. நான் நெட்டைக் கட்டச் சொன்னேன். அன்றைக்கு அவன் எடுத்துக் கொடுத்த பந்தில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. இருட்டும் வரை எடுத்துக்கொண்டே இருந்தான்.

நெற்றி

அடுத்த வருஷம், பிளஸ் டூ ஹால் டிக்கெட் வாங்க வந்த நாள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருந்தோம். எச்.எம்.மும் ஏதோ கையெழுத்துக்காக வந்து நின்றார். லோகேஷ் வாசலில் தயங்கினான். வெறுங்கால். காலையிலேயே அம்மாவோடு மலை சுற்றிவிட்டு வந்திருந்தான்.

நேராக என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினான். காலண்டர் தாள். அதே மடிப்பு.

எல்லாரும் அந்தப் பொட்டலத்தையே பார்த்தார்கள். கணக்கு வாத்தியார்கூட நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்னதுப்பா அது?" என்றார் எச்.எம்.

"விபூதி சார்."

"பிரி, பாக்கலாம்."

லோகேஷின் முகம் செத்துவிட்டது. அந்த முகத்தை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன், காலி மாடத்துக்கு எதிரில். இப்போது அவன் பிரிப்பான், எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், சரி சரி என்பார்கள். அப்புறம் அவன் எந்த ஊரில் எந்த வேலைக்குப் போனாலும் எவன் எதிரிலாவது பிரித்துக் காட்டிக்கொண்டே இருப்பான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து அவன் முன்னால் போய் நின்றேன். அவன் என்னைவிட ஒரு தலை உயரம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீயே வெச்சு விடுடா" என்றேன்.

தாள் பிரிகிற சத்தம் கேட்டது. என் புருவத்துக்கு மேலே, கண்ணில் விழாமல் இருக்க, இடது கையைக் குடை மாதிரி வைத்துக்கொண்டான். மஞ்சுளா அவனுக்கு அப்படித்தான் வைத்துவிட்டிருப்பாள். பந்து எடுத்துக் கொடுக்கிற அந்த விரல்கள் என் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஓடின. நடுக்கம் இல்லை. மூக்கு நுனியில் விழுந்ததை வாயால் ஊதிவிட்டான்.

கண்ணைத் திறந்தேன். எச்.எம். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வெள்ளையாதான் இருக்குதா?" என்று கேட்டேன்.